தட்டுல இருக்கு பாடம், சார்ட்டுல என்னத்தத் தேடுறீங்க?

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்காம வந்திருக்கேன். பதிவு நீளம்தான். டீயும் வடையும் வாங்கி வச்சுக்கிட்டு உக்காருங்க.

போன மாசம் என் தங்கச்சி மகளுக்குக் காய்ச்சல். மூணாங்கிளாஸ் படிக்கிறா. மதுரைலதான் ஒரு தனியார் பள்ளி. பேரு வேண்டாம், பேரைச் சொன்னா அந்தப் பள்ளியை மட்டும் திட்டிட்டு மத்தவங்க எல்லாம் தப்பிச்சிருவாங்க. காய்ச்சலோட, ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சலும் இருக்குன்னு அழுதா. டாக்டரம்மா டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு சொன்னாங்க. அப்புறம் அவகிட்டக் கேட்டாங்க.

"பாப்பா, பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறியா?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும் டாக்டர்."

"வந்தா போயிட்டு வரவேண்டியதுதான?"

"கிளாஸ் நடக்கும்போது மிஸ் விட மாட்டாங்க. இன்டர்வெல்ல போனா லைன் பெருசா இருக்கும். நாறும்."

கொண்டுபோன பாட்டில் தண்ணி சாயங்காலம் அப்படியே திரும்பி வந்திருக்கு. மாசக்கணக்கா. தங்கச்சியும் அதைச் செடிக்கு ஊத்திக்கிட்டு இருந்திருக்கா. எங்க யாருக்கும் ஒண்ணும் உறைக்கல.

இதுல என்ன பதிவு எழுத இருக்குன்னு கேக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி சும்மா அவ நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். கேள்வி: உடல் நலத்துடன் வாழ நாம் என்ன செய்ய வேண்டும்? பதில்: தினமும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரை அடக்கக் கூடாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முத்து முத்தான கையெழுத்து. பக்கத்துல சிவப்பு மைல பத்துக்குப் பத்து. வெரி குட். ஒரு ஸ்டார் வேற.

எழுதுனவளுக்குத்தான் இன்ஃபெக்‌ஷன்.

எட்டு வயசுப் பிள்ளைக்குப் பாடம் தெரியும். அந்தப் பாடத்துப்படி நடக்கத்தான் அந்தப் பள்ளிக்கூடம் விடல. இன்னிக்கு நான் சண்டை போட வந்திருக்குறது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

மூணு கோஷ்டி

ஆரம்பப் பள்ளிலயே உடல்நலத்தைப் படிப்போட சேத்துச் சொல்லிக் கொடுக்கணும்னு சொன்னா யாரும் இல்லைங்க மாட்டாங்க. தலையை நல்லாவே ஆட்டுவாங்க. ஆட்டிட்டு என்ன செய்யறாங்கன்னு பாத்தா மூணு கோஷ்டி இருக்கு.

மொதல் கோஷ்டி சார்ட் கோஷ்டி. உடல்நலம்னா அதுக்கு ஒரு பாடம், ஒரு படம், ஒரு உறுதிமொழி, ஒரு 'தினம்'. கை கழுவுற நாள்னு ஒண்ணு வந்தா அன்னிக்கு வரிசைல நிக்க வச்சு போட்டோ. யோகா நாள்னா வெள்ளைச் சட்டை போட்டு வரிசைல நிக்க வச்சு போட்டோ. மறுநாள் குழாய்ல தண்ணி வருதா, சோப்பு இருக்கான்னு யாரும் பாக்க மாட்டாங்க. போட்டோதான் போய்ச் சேர்ந்துருச்சே.

ரெண்டாவது, 'மொதல்ல எழுதப் படிக்கச் சொல்லிக் குடுங்கப்பா' கோஷ்டி. மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடமே வாசிக்கத் தெரியல, இதுல சுகாதாரம் ஒரு கேடான்னு கேப்பாங்க. கேள்வி நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசில சொல்றேன்.

மூணாவது கோஷ்டி வெல்னெஸ் கோஷ்டி. நம்ம ஊர்ல புதுசா மொளைச்சிருக்கு. ஃபீஸோட 'வெல்னெஸ் புரோகிராம்'னு தனியா ஒரு தொகை. கேட்டா மைண்ட்ஃபுல்னெஸ்ங்கறாங்க. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடணுமாம். கக்கூஸ் பக்கம் உக்காந்திருக்குற பிள்ளை மூச்சை இழுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க :)

இந்த மூணு கோஷ்டிக்கும் ஒரு ஒத்துமை உண்டு. உடல்நலம்ங்கறது வெளில இருந்து பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வரவேண்டிய சாமான்னு மூணு பேரும் நினைக்கிறாங்க. நான் என்ன சொல்றேன்னா, அது ஏற்கனவே உள்ளதான் இருக்கு. தட்டு, குழாய், கக்கூஸ், மைதானம். பிள்ளை தினமும் அதுலதான் பொழங்குது. அதைப் பாடமா ஆக்குங்க. ஆக்க முடியலைன்னா அதையாவது மொதல்ல சரி பண்ணுங்க. அப்புறமா வந்து உறுதிமொழி எடுக்கலாம்.

நெல்பேட்டைல ஆரம்பிச்ச தட்டு

மதுரைக்காரங்க நாம பெருமைப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். நெல்பேட்டைல ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளிலதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வச்சாரு. மொத கட்டத்துல 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைங்க. 2023 ஆகஸ்ட் 25 அன்னிக்கு திருக்குவளைல வச்சு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிச்சாங்க. 2024-ல கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகள், 2025-ல நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகள்.

இது திடீர்னு வானத்துல இருந்து விழுந்ததும் இல்ல. 1920-ல நீதிக்கட்சிக் காலத்துல சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளில மதியம் சோறு போட ஆரம்பிச்சது. 1956-ல காமராசர். 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவு. அப்புறம் கலைஞர் காலத்துல முட்டை வந்துச்சு, 2010-ல வாரம் அஞ்சு முட்டை ஆச்சு. கட்சிச் சண்டை எல்லாம் தாண்டி நூறு வருஷமா இந்த மண்ணுல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தட்டைப் பெருசாக்கிக்கிட்டே வந்திருக்காங்க. இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். பண்றவங்களைக் கண்டா ஆத்திரமா வரும்.

உப்புமாவான்னு நெட்ல எத்தனை பேரு சிரிச்சாங்க! வீட்ல ரவா தோசைக்கு மூணு சட்னி கேக்குற ஆளுங்கதான் எல்லாரும். விடியறதுக்கு முன்னாடியே அப்பனும் ஆத்தாளும் வேலைக்குக் கிளம்பிட்ட வீட்ல இருந்து, ஒரு வரட்டீயைக் குடிச்சிட்டு வந்து மொத பீரியட்ல சுருண்டு உக்காந்திருக்குற பிள்ளையை இவங்க பாத்திருக்க மாட்டாங்க. நான் பாத்திருக்கேன். கொஞ்ச நாள் அப்படி இருந்தும் இருக்கேன். அதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

2023 ஆகஸ்ட் கடைசில ஒரு நாளிதழ் இன்னும் ஒரு படி மேல போச்சு. பிள்ளைங்க வீட்லயும் தின்னுட்டு பள்ளிலயும் திங்குதாம், அதனால பள்ளிக்கூடக் கக்கூஸ் நிரம்பி வழியுதாம். மொத பக்கத்துல இந்த மாதிரி ஒரு தலைப்பு. தமிழ்நாடே காறித் துப்புச்சு. ஆனா துப்பி முடிச்சதும் ஒரு கேள்வியை நாம கேக்காமலே விட்டுட்டோம். சரிய்யா, பிள்ளைக சாப்பிடுது, அப்போ போகவும்தான் செய்யும். போறதுக்கு நல்ல இடம் இருக்கா? திட்டுனவங்க, தாங்குனவங்க ரெண்டு பேருமே இதைக் கேக்கல.

தட்டு எப்படிப் பாடம் ஆகும்?

காலை உணவுத் திட்டத்துக்கு ஒரு அளவு போட்டிருக்காங்க. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அது போகக் காய்கறி. இன்னிக்கு 42 பிள்ளைக வந்திருக்கு. ரவை எவ்வளவு? 2 கிலோ 100 கிராம். பருப்பு? 630 கிராம். மூணாங்கிளாஸுக்கும் நாலாங்கிளாஸுக்கும் இதைவிட நல்ல பெருக்கல் கணக்கு எங்க கிடைக்கும்? தராசு அங்கேயே இருக்கு, சமைக்கிற அக்காவும் அங்கேயே இருக்காங்க. ராமுவிடம் 42 கோலி இருந்தது, சோமுவிடம் எத்தனைன்னு இன்னும் எத்தனை வருஷம் கேப்பீங்க?

சாம்பார்ல இன்னிக்கு என்ன காய்? கேரட். நேத்து? பூசணி. ரெண்டும் ஏன் மஞ்சளா இருக்கு? கண்ணுக்கு நல்லதுன்னு பாட்டி சொல்லும். ஏன் நல்லது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட அமெரிக்கா போக வேண்டாம். நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆளுங்க திருச்சி மாவட்டத்துல பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைக 15,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. வாரா வாரம் கொஞ்சூண்டு வைட்டமின் ஏ குடுத்ததுல பிள்ளைக சாவு பாதிக்குமேல குறைஞ்சது. 1990-ல அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்து உலகமே பேசுச்சு. நம்ம பக்கத்து ஊர்ல நடந்த கதை. நம்ம எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

அடுத்து ரோஸ் மாத்திரை. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒண்ணு குடுக்கற இரும்புச் சத்து மாத்திரை. தமிழ்நாட்டுல ஆறு மாசம் முதல் அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. அதே பிள்ளைகதான் அடுத்த வருஷம் ஒண்ணாங்கிளாஸுக்கு வருது. மாத்திரை குடுக்கறது நல்ல காரியம். ஆனா எப்படிக் குடுக்கறாங்க? வரிசைல வா, வாயைத் தொற, முழுங்கு, ரெஜிஸ்டர்ல டிக். பாதிப் பயலுக கன்னத்துல அதக்கிக்கிட்டுப் போய் ஜன்னலுக்கு வெளில துப்புறானுங்க.

அஞ்சு நிமிஷம் பேசுனா என்ன? வெறும் வயித்துல போட்டா குமட்டும், அதான் சாப்பிட்டப்புறம் தர்றோம். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்குற இரும்பு உடம்புல சரியாச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேத்துக்கிட்டா நல்லாச் சேரும். இந்த மூணு வரி ஒரு பிள்ளை மண்டைல ஏறுனா, அது வீட்டுக்குப் போய் ஆத்தாகிட்டச் சொல்லும். தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்குமேல ரத்தசோகைன்னு அதே கணக்கெடுப்புதான் சொல்லுது. பிள்ளைக்குச் சொன்ன பாடம் வீடு வரைக்கும் நடந்து போகும். எந்தச் சார்ட்டும் அப்படி நடந்து போகாது.

பூச்சி மாத்திரையும் அப்படித்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவை அல்பெண்டசோல். மென்னு தின்னுன்னு சொல்றாங்க. எதுக்குன்னு சொல்றது இல்ல. கொக்கிப்புழு மண்ணுல இருந்து வெறுங்கால் தோல் வழியா ஏறும், குடல்ல போய் ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சும்னு சொல்லிப் பாருங்க. எந்தப் பயலாவது மறுநாள் செருப்பு இல்லாம கம்மாக்கரைக்குப் போவானா? பேய்க்கதையைவிட நல்ல கதைய்யா அது. அறிவியல் பாடமும் அதுலயே முடிஞ்சது.

வெளில விடுங்கய்யா

இப்போ கண்ணு. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போன மனுஷன். 1976-ல 11 படுக்கையோட அரவிந்தை ஆரம்பிச்சாரு. அந்த ஆஸ்பத்திரி செஞ்ச பல நல்ல வேலைகள்ல ஒண்ணு, வாத்தியார்களுக்கே பயிற்சி குடுத்து பிள்ளைக கண்ணைப் பரிசோதிக்க வச்சது. பெரிய மெஷின் எல்லாம் இல்ல. ஒரு அட்டை, ஒரு அளவு நாடா. எத்தனை பிள்ளைகளை நாம மக்குன்னு கடைசி பெஞ்சுல தள்ளியிருப்போம்? அதுல எத்தனை பேருக்குப் போர்டே தெரியாம இருந்திருக்கும்? என்கூடப் படிச்சவன் ஒருத்தன் அஞ்சாவது வரைக்கும் பக்கத்துப் பையன் நோட்டைப் பாத்து எழுதியே அடி வாங்குனான். ஆறாவதுல கண்ணாடி போட்டதும் மொத அஞ்சு ரேங்க்குக்குள்ள வந்துட்டான். அடிச்ச வாத்தியாரு அந்த அடியைத் திருப்பி வாங்கிக்கவா முடியும்?

கிட்டப்பார்வை வராம தடுக்க ஒரு வழி இருக்கு, அதுவும் காசில்லாத வழி. சீனாவுல குவாங்சோ நகரத்துல 2010-ல இருந்து மூணு வருஷம் ஒரு சோதனை பண்ணாங்க. 12 ஆரம்பப் பள்ளிகள்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக. பாதிப் பள்ளிகள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளில விட்டாங்க, அவ்வளவுதான். மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா, வெளில விடாத பிள்ளைகள்ல நூத்துக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை. வெளில விட்டதுல 30.4. தைவான்ல 2010-ல இருந்து தினமும் ரெண்டு மணி நேரம் வெளில விடணும்னு ஒரு இயக்கமே நடத்துறாங்க.

நம்ம ஊர்ல? விளையாட்டு பீரியடை கணக்கு மிஸ் கடன் வாங்கிருவாங்க. அந்தக் கடன் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது. 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தோட அட்டவணையை எடுத்துப் பாருங்க. ஆறு முதல் எட்டு வரைக்கும், நூறு பிள்ளைகளுக்கு மேல இருந்தா, உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதி நேர ஆசிரியர் உண்டு. ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும்? அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு வாத்தியார். அம்புட்டுதான். சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் ஆறாங்கிளாஸ் வந்தப்புறம்தான் பிள்ளைக்கு உடம்பு மொளைக்குது போல. அஞ்சு வயசுல ஓடாத பிள்ளை பதினொரு வயசுல எங்க ஓடும்?

இந்தியாவுல பத்துக் கோடிக்கு மேல சர்க்கரை நோயாளிகள்னு 2023-ல ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுச்சு. நம்ம மதுரைல ஜிகர்தண்டாவும் ராத்திரி பரோட்டாவும் சாப்பிடாதன்னு நான் சொல்லப் போறது இல்ல, சொன்னா ஊரைவிட்டே விரட்டிருவாங்க :) ஆனா ஓடுற பழக்கமும், தட்டைப் பாத்துத் திங்கற பழக்கமும் ஆறேழு வயசுல வந்தாத்தான் உண்டு. நாப்பது வயசுல ராஜாஜி பூங்காவைச் சுத்தி மூச்சு வாங்க நடக்குறோமே, அது பழக்கம் இல்ல. பயம்.

கக்கூஸ்னு சொன்னா ஏன் மூஞ்சி சுழிக்கிறீங்க?

கேரளாவுல 2019-ல தண்ணி குடிக்கிறதுக்குன்னே மணி அடிச்சாங்க. வாட்டர் பெல். 2025-ல நம்ம தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்துச்சு. அருமையான யோசனை. ஆனா மணி அடிச்சாப் போதுமா? என் தங்கச்சி மகளுக்குத் தண்ணி குடிக்க மறந்து போகல. கணக்குப் போட்டுத்தான் குடிக்காம இருந்தா. குடிச்சா எங்க போறதுன்னு. பொம்பளப் பிள்ளைக எல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வளருது. உங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, அம்மா, அக்கா, பொண்டாட்டி யாரா இருந்தாலும் ஒரு பள்ளிக்கூடக் கக்கூஸ் கதை வச்சிருப்பாங்க.

இங்கதான் நம்ம அறிவுஜீவி நண்பர்கள் உடனே ஜப்பானைக் கூப்பிடுவாங்க. அங்க பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுது, சாப்பாட்டைப் பரிமாறுது, வாத்தியாரும் கூடவே உக்காந்து சாப்பிடுறாரு, 2005-ல சாப்பாட்டுக் கல்விக்குன்னே சட்டம் போட்டாங்க. எல்லாம் உண்மை. பரிமாறுறதும் கூடச் சாப்பிடுறதும் நாமளும் செய்யலாம், நாளைக்கே. ஆனா சுத்தம் பண்றதை அப்படியே இங்க இறக்குமதி பண்ணாதீங்க சாமி. நம்ம ஊர்ல விளக்குமாறு யார் கைக்குப் போகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2022-ல ஈரோடு மாவட்டத்துல ஒரு பள்ளில பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வச்சு, தலைமை ஆசிரியையைக் கைது பண்ற வரைக்கும் போச்சு. தெரிஞ்சது அது. தெரியாதது எத்தனையோ.

அதனால சுகாதாரப் பாடம்னா மொத வரி இதுதான்: கக்கூஸ் கழுவுறது பிள்ளை வேலை இல்ல. சம்பளம் வாங்குற ஆளு செய்யற வேலை, அந்தச் சம்பளம் கௌரவமா இருக்கணும். இப்போ கிராமத்துப் பள்ளிகள்ல தூய்மைப் பணிக்குக் குடுக்கற காசைச் சொன்னா நீங்க ஒரு வேளை ஹோட்டல்ல குடும்பத்தோட சாப்பிடுற பில்லோட ஒப்பிட்டுப் பாத்து வெக்கப்படுவீங்க. கூட்டுறதுன்னா வாத்தியார்ல ஆரம்பிச்சு எல்லாரும் முறை வச்சுக் கூட்டட்டும். இல்லைன்னா யாரும் கூட்ட வேண்டாம்.

ஜப்பான் எதுக்கு? 1937-ல வார்தால காந்தி ஆதாரக் கல்வின்னு பேசுனப்பவே நூல் நூக்குறது மட்டும் பேசல. அந்தக் கல்வில சுத்தம், சாப்பாடு, தோட்டம் எல்லாமே பாடம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல காந்திகிராமத்தை ஆரம்பிச்சது அந்த வழிலதான். திண்டுக்கல் அப்போ மதுரை மாவட்டம், 1985-லதான் பிரிஞ்சது. ஆக, நம்ம மாவட்டத்துலயே இருந்த சரக்கு. நாமதான் தொலைச்சுட்டு வெளிநாட்டுல தேடிக்கிட்டு இருக்கோம்.

ஹெட்மாஸ்டர் மாப்ள போட்ட சண்டை

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ரெண்டாசிரியர் பள்ளில ஹெட்மாஸ்டரா இருக்குற நண்பன்கிட்ட இதை எல்லாம் போன்ல ஒப்பிச்சேன். கடைசி வரைக்கும் கேட்டான். அப்புறம் பிடிச்சான் பாருங்க.

"மாப்ள, நீ டீக்கடைல உக்காந்து பேசற. இங்க நானும் டீச்சரும் அஞ்சு வகுப்பு. காலைல சாப்பாட்டுக் கணக்கு ஏத்தணும், வருகை ஏத்தணும், மதியக் கணக்கு, முட்டைக் கணக்கு, மாத்திரைக் கணக்கு. டீச்சர் ட்ரெயினிங் போயிட்டா அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்தன். இதுல நீ தராசைத் தூக்கிட்டு வரச் சொல்ற."

என்னால பதில் சொல்ல முடியல. அவன் சொல்றது அத்தனையும் நெசம். ஆனா யோசிச்சுப் பாத்தா அவன் பட்டியல்ல இருக்குறது பூராம் என்ன? சாப்பாடு, முட்டை, மாத்திரை. அத்தனையும் உடல்நலம். ஏற்கனவே அவன் நேரத்துல பாதி அதுக்குத்தான் போகுது. பிள்ளைக்குச் சொல்றதுக்குப் போகல, மேல இருக்குறவங்களுக்குச் சொல்றதுக்குப் போகுது. மாத்திரை குடுத்ததா டிக் அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு, ஏன் குடுக்கறோம்னு சொல்ல அஞ்சு நிமிஷம் இல்ல. நான் அவன் தலைல புதுசா ஒண்ணும் ஏத்தச் சொல்லல. அந்தக் கணக்கு வேலையை எடுத்துட்டு, அந்த நேரத்தைப் பிள்ளைககிட்டத் திருப்பிக் குடுங்கன்னுதான் சொல்றேன்.

ரெண்டாவது கோஷ்டிக்குப் பதில் சொல்றேன்னேனே, அதுவும் இதுதான். எழுத்தும் கணக்கும் ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம்னு பிரிச்சு வச்சாத்தான் நேரம் பத்தாது. சாம்பார்ல என்ன இருந்துச்சுன்னு நாலு வரி எழுதச் சொன்னா அது தமிழ். எத்தனை கிராம்னா அது கணக்கு. எங்க வெளைஞ்சதுன்னா சமூக அறிவியல். பசியோட, பூச்சியோட, ரத்தசோகையோட, ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குற பிள்ளைக்கு நீங்க எந்தப் பாடத்தை நடத்துனாலும் அது சுவத்துக்கு நடத்துனதுதான்.

ஆக, நான் கேக்குறது

1. மணி அடிச்சா தண்ணி, கை தூக்கினா கக்கூஸ். ஒண்ணுக்குப் போக அனுமதி மறுக்குறது தண்டனைக்குரிய தப்புன்னு எல்லாப் பள்ளிலயும் எழுதிப் போடுங்க. தனியார் பள்ளிகள்லயும்தான். அங்க கேக்க ஆள் இல்ல.

2. தூய்மைப் பணியாளருக்கு மாசா மாசம் ஒழுங்கான சம்பளம். பிள்ளை கைல விளக்குமாறு போகக் கூடாது.

3. தினமும் 40 நிமிஷம் வெயில்ல விளையாட்டு. மதுரை வெயில்ல மதியம் விட்டா சுருண்டுரும், காலைலயோ சாயங்காலமோ விடுங்க. கணக்கு மிஸ் கடன் கேட்டாத் தரக் கூடாது.

4. வாத்தியாரும் பிள்ளைகளோட அதே சாப்பாட்டைச் சாப்பிடணும். ருசி ஒரே வாரத்துல தானா சரியாகும், பாருங்க :)

5. எந்த மாத்திரை குடுத்தாலும் மொதல்ல ஏன்னு சொல்லணும், அப்புறம்தான் டிக்.

6. புதுசா பாடப்புத்தகம் வேண்டாம். புதுசா ஒரு 'தினம்' வேண்டவே வேண்டாம். சாமி சத்தியமா வேண்டாம்.

இதுல எதுக்கும் கோடி கோடியாக் கொட்ட வேண்டியதில்ல, ரெண்டாவதுக்கு மட்டும் கொஞ்சம் காசு வேணும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் மனசு வராது பாருங்க.

தங்கச்சி மகளுக்கு இப்போ தேவலை. மாத்திரை முடிஞ்சு பள்ளிக்கூடம் போறா. தங்கச்சி போய் மிஸ்ஸைப் பாத்துப் பேசிட்டு வந்தா. 'இனிமே அனுப்புறோம்'னாங்களாம். நேத்து சாயங்காலம் அவ பேக்ல இருந்து பாட்டிலை எடுத்துப் பாத்தேன். பாதி காலி. "மாமா, இன்னிக்கு ரெண்டு தடவை போனேன்"னு என்னமோ பரீட்சைல பாஸ் ஆன மாதிரி சொன்னா. எனக்குச் சந்தோஷப்படுறதா கேவலப்படுறதான்னு தெரியல.

உங்க வீட்ல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா, மார்க் என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி இன்னிக்குச் சாயங்காலம் அந்தத் தண்ணி பாட்டிலைத் தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா உக்காந்து பேசுங்க. பேசிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு.: வாத்தியார் பதிவர்கள் யாரும் கோச்சுக்காதீங்க, பழியைத் தூக்கி உங்க தலைல போட வரல. ஆனா 'எங்க பள்ளில எல்லாம் சுத்தமா இருக்கு'ன்னு பின்னூட்டம் போடுறவங்க, பிள்ளைக போற கக்கூஸுக்கு ஒரு தடவை நீங்க போயிட்டு வந்து போடுங்க. ஸ்டாஃப் ரூம் கக்கூஸ் கணக்குல வராது.